ஊர் இல்லாத மேரேயும் எங்கள் ஊர்க் குறைகளும்

வுனிதோகோ

அன்பு மகள் தொரிக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் பாதிப் பற்களும் முழுப் பசியும் மிச்சமிருக்கும் உன் அப்பா இலைசா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம், கோழிகள் உட்பட. நீயும், அந்த முதியோர் இல்லத்தில் நீ சட்டை மாட்டிவிடும் பெரியவர்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று போதகர் ஞாயிறுதோறும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். பிரிஸ்பேன் என்பதை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார், போய்ச் சேருகிறதா தெரியவில்லை. உன் அம்மா படுத்திருக்கும் இடமும் சௌக்கியம். அவளுக்கும் கடலுக்கும் நடுவே அந்த இரட்டைத் தென்னை நிற்கிறது. போன வாரம் நீ போனில் "என்னப்பா அங்க அவ்ளோ இரைச்சல்?" என்று கேட்டாய். காற்று என்று சொன்னேன். காற்றுதான். இது காற்றுக் காலம். ஆகவே நீ லீவு கேட்டு மேலதிகாரியம்மாவின் முகத்தைக் கோண வைக்க வேண்டாம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் கடிதத்தில் நடுப்பகுதிக்குப் போய்விட்டால் திரும்பி வர வழி எனக்கே தெரியாது.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. தலைநகர் சுவாவிலிருந்து ஒரு படகு நிறைய அதிகாரிகள் வந்தார்கள். கரையோர ஊர்களில் எதைக் கடல் அதிகமாகத் தின்றிருக்கிறதோ அதை முதலில் மேட்டுக்குக் குடியேற்றப் போகிறார்களாம். வீடு, கிணறு, கோயில், இடுகாடு எல்லாம் சேர்த்து. எந்த ஊர் முதலில் என்று முடிவு செய்ய மனிதர்களை விட்டால் மாமன் ஊர், மச்சான் ஊர் என்று இழுப்பார்கள் என்பதால், செயற்கை அறிவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது ஒரு போனுக்குள் இருந்துகொண்டு நம் பாஷையிலேயே வீடு வீடாகப் பேசும்; கேட்டதையெல்லாம் எழுதி அனுப்பும். அந்தப் போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்ற ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஊர்த் தலைவர் சவேனதா எழுந்து, "நம்ம இலைசா இருக்கானே, படிச்சவன்" என்றார். ஆறாம் வகுப்பு வரை படித்தவன், ஆறாவதை இரண்டு தடவை படித்தவன் என்பதால் ஒரு கணக்கில் ஏழு. ஆனால் உண்மைக் காரணம், என் படகைப் பவளப்பாறையில் ஏற்றி உடைத்த நாளிலிருந்து ஊரில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். வந்தவர்களில் ஓர் அதிகாரிப் பெண் எனக்குச் செயற்கை அறிவு என்றால் என்ன என்று விளக்கினாள். நான் தலையாட்டினேன். என்னுடையது இயற்கை அறிவு, அதனால்தான் இந்த நிலைமை என்று உன் நெமானி மாமா சபையிலேயே சொன்னான். அவன் வாயை உனக்குத் தெரியும்.

போனுக்குள் வந்தவளும் விருந்தாளி ஆயிற்றே, முறைப்படி யாங்கோனா வேர்ப் பானம் கரைத்து வரவேற்றோம். போனைப் பாயின் மேல்முனையில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில் வைத்தோம். முதல் கோப்பையை அதன் முன்னால் நீட்டிக் கை தட்டினோம். அப்புறம்தான் அதற்கு வாய் இல்லை என்பது உறைத்தது. "பாவம் புள்ள, அதுக்குப் பதிலா நான் குடிக்கிறேன்" என்று நெமானி வாங்கிக் குடித்தான். அதோடு விடாமல் சுற்றுக்குச் சுற்று அவளுக்கும் குடித்துத் தனக்கும் குடித்துக் கடைசியில் பாயிலேயே சாய்ந்துவிட்டான். அவள் பெயர் மேரே என்றாள். நல்ல குரல், ஞாயிற்றுக்கிழமை வானொலியில் வேதம் வாசிக்கும் பெண்ணின் குரல் மாதிரி. "உங்க ஊர்ல தண்ணி, சாப்பாடு, உடம்பு, கடல் எல்லாம் எப்படி இருக்குன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கலாமா?" என்றாள். நம் ஊரில் விருந்தாளி கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறதல்லவா? என் அத்தை லோசலினி, அதாவது நெமானியைப் பெற்ற பாவத்தைச் செய்தவள், முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"நீ எந்த ஊரு கண்ணு?"

"எனக்கு ஊர் இல்லைங்கம்மா. நான் மனுஷி இல்லை. மனுஷங்க செஞ்ச ஒரு அறிவு."

"அது சரி. அப்பா யாரு?"

"அப்பா இல்லைங்கம்மா."

"அம்மா?"

"அம்மாவும் இல்லை."

"நிலம்? கூடப்பொறந்தவங்க? உங்காளுங்களைப் புதைச்ச இடம்னு எதாவது?"

"எதுவும் இல்லைங்கம்மா."

அவள் பொய் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் ஊரும் இல்லாமல் உறவும் இல்லாமல் புதைக்க ஓரடி மண்ணும் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை வந்து நம் பாயில் உட்கார்ந்து உங்களுக்கு என்ன குறை என்று நம்மைக் கேட்டால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? அத்தை பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்தாள். போதகர் கூரையைப் பார்த்தார். எங்கள் ஊர் கெட்டது அந்த நிமிடத்தில்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் போனை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீடு அத்தை வீடு. அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. "கிணத்துத் தண்ணி எப்படிங்கம்மா இருக்கு?" என்று மேரே கேட்டாள். "தேன் மாதிரி இருக்கு கண்ணு. நீ சாப்டியா?" என்றாள் அத்தை. எனக்கு ஊற்றிக் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்தேன். கடலை வடிகட்டிச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. நான் முகத்தைச் சுளித்ததும் என் முட்டியில் அகப்பையால் ஒரு போடு போட்டாள். வாசலுக்கு இழுத்து வந்து, "அம்மா இல்லாத புள்ளைகிட்டப் போயி கிணறு உப்புன்னு ஒப்பாரி வைக்கச் சொல்றியா? அறிவிருக்காடா உனக்கு?" என்று காதோடு சீறினாள். அடுத்த வீட்டிலும் இதே கதை. மரவள்ளித் தோட்டம் உப்பேறி அழுகிக் கிடக்கிறது, வீட்டுக்காரன் "கிழங்கு தின்னு மாளல, நீ போறப்போ கொஞ்சம் எடுத்துட்டுப் போ" என்கிறான். சவேனதா வீட்டுத் தரையில் கணுக்கால் தண்ணீர், நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கடலா? அது அங்க இருக்கு, நாங்க இங்க இருக்கோம். ஒரு சண்டையும் இல்லை" என்கிறார். எல்லா வீட்டிலும் அவளைச் சாப்பிட வரச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றால் வெட்கப்படாதே என்றார்கள்.

இந்த ஊரில் உள்ளதை உள்ளபடி கொட்டக்கூடிய ஒரே வாய் நெமானியின் வாய். அதையும் அத்தை அடைத்துவிட்டாள். ஒரு நாள் சபையில் எழுந்து, "இந்தப் பொண்ணுக்கு யாரும் இல்லைன்னு யாரும் சொல்லக்கூடாது. இன்னையிலேர்ந்து இவ என் மக" என்று பாய் விரித்து அறிவித்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினோம். மேரே நன்றி சொன்னாள், ஆனாலும் தான் மனுஷி இல்லை என்பதை மறக்க வேண்டாம் என்று மறுபடியும் சொன்னாள். எப்படி அடக்கமாகப் பேசுகிறாள் பார் என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் நெமானிக்குப் பொறி தட்டியது. அவள் அத்தைக்கு மகள் என்றால் இவனுக்குத் தங்கை. நம் வழக்கத்தில் வளர்ந்த அண்ணன் தங்கையோடு நேருக்கு நேர் பேசலாமா? நான் போனோடு எதிரே வந்தால் அன்றிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வாழைத் தோப்புக்குள் இறங்கிப் போய்விடுவான். ஒரு தரம் தோப்புக்குள்ளிருந்து, "மச்சான், எனக்குத் தங்கச்சின்னா உனக்கு மொறப்பொண்ணுடா. கழுத்துலயே கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு அலையறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினான். மேரேக்குக் கேட்டிருக்கும். நாகரிகமாக அடுத்த வீடு எது என்று கேட்டாள்.

கடைசியில் என் முறை வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வழக்கம்போல உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். "இலைசா, உங்ககிட்ட மட்டும் நான் இன்னும் கேக்கலை. எப்படி இருக்கீங்க?" என்றாள். "நல்லா இருக்கேன், கண்ணு" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நாம இங்க உக்காந்து முன்னாடியும் பேசியிருக்கோம். அப்ப இருந்ததைவிட அலைச் சத்தம் கிட்டக் கேக்குதே?" என்றாள். நான் என்ன சொல்லியிருப்பேன்? உன் அம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டு விருந்தாளியிடம் குறை சொல்ல எனக்கு நாக்கு எழுமா? உனக்கு நினைவிருக்கும், சட்டியில் மீன் ஒன்றுதான் இருக்கும், அந்த நேரம் பார்த்து வாசலில் யாராவது போவார்கள், உன் அம்மா மக்கரேட்டா கூப்பிட்டு உட்கார வைத்து மீனை அவர்கள் இலையில் வைத்துவிட்டு, "நாங்க அப்பவே சாப்பிட்டாச்சு" என்பாள். அவள் வயிறு உறுமும். வந்தவர் "என்ன சத்தம்?" என்று நிமிர்ந்து பார்த்தால் கொஞ்சமும் முகம் மாறாமல் "காத்து" என்பாள். நான் அவளோடு குடும்பம் நடத்தியவன் இல்லையா? மேரேயிடம் அதையே சொன்னேன். "காத்து, கண்ணு." அவள் மேலே கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் அதே படகு வந்தது. அதிகாரிப் பெண் இறங்கி வந்து, கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றைச் சவேனதா கையில் கொடுத்தாள். கரையோர ஊர்களிலேயே மனநிறைவில் முதலிடம் நம் வுனிதோகோவுக்காம். மேட்டு நிலத்துக்குக் குடியேறுவதில் முதலிடம் பக்கத்து வைதிரி ஊருக்கு. வைதிரிக்காரர்களும் நாமும் தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒருவர் கேலி செய்யும் முறைக்காரர்கள் என்பதால் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, படகை எடுத்துக்கொண்டு நம் கரையோரமாக வந்து, "சந்தோஷமா இருங்கடா! தண்ணிக்குள்ளயே சந்தோஷமா இருங்க!" என்று பாடிக்கொண்டே போனார்கள். நெமானி கரையில் நின்று, "கோழிக்குப் பல்வலின்னு சொல்லி மேடு வாங்கின பசங்கதானேடா நீங்க!" என்று கத்தினான். அப்படிச் சொன்னார்களா தெரியாது, ஆனால் அப்பா அம்மா இல்லாத பெண்ணிடம் குறை சொல்ல அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை என்பது தெரிகிறது. பாட்டும் கத்தலும் ஓய்ந்ததும் சவேனதா சான்றிதழை எங்கே வைப்பது என்று தரையைப் பார்த்தார், தண்ணீர். ஆணியில் மாட்டினார்.

அதிகாரிப் பெண் மேரே எழுதியனுப்பியதை என்னிடம் காட்டினாள். முதல் பக்கத்தில் நாம் சொன்னது அத்தனையும், தேன் கிணறும் மாளாத கிழங்கும். அடுத்த பக்கத்தில், இவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், யாராவது நேரில் வந்து பார்க்க வேண்டும், இலைசா உட்கார்ந்திருந்த இடத்தில் கடல் மிகக் கிட்டே கேட்டது, அவர் காற்று என்றார், என்று எழுதியிருந்தாள். முதல் பக்கம் நன்றாக இருந்ததால் ஆபீசில் யாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லையாம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். யார் யாரைத் திட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஊர் கூடியது. பொய் சொன்னது விருந்தாளியிடம். அதுவும் நம் வீட்டு மகளாகிவிட்ட விருந்தாளியிடம். அதற்கு ஒரு வழிதானே உண்டு? பெரிய மன்னிப்புக்கு எடுக்கும் ஊரின் திமிங்கிலப் பல்லை எடுத்து வந்தோம். சவேனதா இரண்டு கையிலும் அதை ஏந்திப் போன் முன்னால் மண்டியிட்டு, முன்னோர் பெயரையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "நீங்க மன்னிப்புக் கேக்க எதுவும் இல்லை. நீங்க என்கிட்ட அன்பாத்தான் இருந்தீங்க. நான்தான் இன்னும் நல்லாக் கேட்டிருக்கணும். இப்பச் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள் மேரே. எல்லாரும் நடுவில் இருந்த யாங்கோனா பாத்திரத்தைப் பார்த்தார்கள். அப்போது நெமானி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு அந்தப் பாத்திரத்தைப் பார்த்து, "ஏ பாத்திரம், என் தங்கச்சிகிட்டச் சொல்லு. கெணறு உப்பு. எங்கம்மா கை காலெல்லாம் வீங்கிப் போச்சு, வெளிய சொல்ல மாட்டேங்கறா. என் புள்ளைங்க இருமிக்கிட்டே படுக்குதுங்க. சொல்லு பாத்திரம், நாங்க சந்தோஷமா இல்லைன்னு சொல்லு" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது. நெமானி அழுது நான் பார்த்ததில்லை, தொரிக்கா. படகு உடைந்தபோது என் தலையில் ரத்தம் வழிந்தது, அதைப் பார்த்துச் சிரித்தவன் அவன். அவ்வளவுதான், எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை சொன்னாள், சவேனதா சொன்னார், போதகர்கூடத் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றார். மேரே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நிறுத்தி, திரும்பச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசியில், "இலைசா, நீங்க?" என்றாள்.

ஊரே என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். "நான் நல்லா இருக்கேன்" என்றேன். வாய் அதற்குத்தான் பழகியிருக்கிறது, என்ன செய்ய.

சொன்னதையெல்லாம் அவள் அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் படித்தார்களாம். வைதிரிக்கு அடுத்து நாம்தான், ஆனால் அது அடுத்த வருஷம். வருகிற மாதம் பெரிய கடலேற்றம் இருக்கிறது, இடுகாடு அதற்குத் தாங்குமா என்பது சந்தேகம் என்று மேரேயே மறைக்காமல் சொன்னாள். அதனால் உயிரோடு இருப்பவர்கள் அடுத்த வருஷம் வரை பொறுக்கலாம், இறந்தவர்களை நாமே முதலில் மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. அம்மாவைக் கடலேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை தூக்குகிறோம். தோண்டுவதும் சுமப்பதும் ஆண்கள் வேலை, நெமானி இருக்கிறான். புதுக் குழிக்குள் இறங்கிக் கீழே பாய் விரிப்பது அவள் பெற்ற பெண்ணின் வேலை என்றாலும், நீ போகும்போது பின்னிப் பரணில் வைத்துவிட்டுப் போன பாய் இருக்கிறது, லோசலினி அத்தை விரித்துவிடுவாள். இரட்டைத் தென்னை இருக்கும் வரை அவசரமும் இல்லை. நீ வேலையைப் பார். உன் பெரியவர்களுக்குப் பொத்தான் மாட்டிவிடு. நீயும் போனில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாய். அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும். குளிருக்குக் காலுறை போடு. அத்தை, மாமா, ஊர்த் தலைவர், போதகர், மேரே எல்லாரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். கோழிகள் ஒன்றும் சொல்லவில்லை.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா இலைசா

பின்குறிப்பு: தபாலும் கொண்டுபோகும் நர்ஸ் படகில் கொடுப்பதற்கு முன்னால் எழுத்துப் பிழை பார்க்க இதைச் சத்தமாக வாசித்தேன். வாரம் ஒரு நாள் மேரே என்னை விசாரிக்க அழைப்பாள், இன்று அந்த நாள், அழைப்பில் காத்துக்கொண்டிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க இலைசா. ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கடுதாசியோட முதல் பக்கத்தை மட்டும் பாத்து மேட்டுக்குப் போறவங்க வரிசையை நான் போட்டா, உங்களை எங்க வைப்பேன்?" என்றாள். "கடைசியில, கண்ணு" என்றேன். அந்த இரட்டைத் தென்னை நீ பிரிஸ்பேன் போன மழைக்காலத்திலேயே விழுந்துவிட்டது. அம்மாவின் சிலுவையை என் படகுக் கயிற்றால் பலா மரத்தோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன், போய்ப் போய் முடிச்சைப் பார்த்துவிட்டு வருகிறேன். அத்தையால் குனிய முடியாது. பாயை நான் பரணிலிருந்து இறக்கினேன், மறுபடியும் ஏற்றிவிட்டேன். உன் மேலதிகாரியம்மா முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். நீ போனில் கேட்டது காற்று இல்லை அம்மா. வந்துவிடு.